பத்ருத்தீன் தையாப்ஜி: இரு சபைகளுக்குத் தலைமை தாங்கியவர்

1887 டிசம்பர் இறுதியில் இந்திய முஸ்லிம்களின் அரசியல் எதிர்காலம் இரண்டு மேடைகளில் பேசப்பட்டது. சென்னையில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மகாநாடு கூடியது. 607 பிரதிநிதிகள் வந்திருந்த அச்சபைக்குத் தலைமை தாங்கியவர் பம்பாய் பரிஸ்டர் பத்ருத்தீன் தையாப்ஜி. காங்கிரஸின் தலைமைப் பதவியை வகித்த முதல் முஸ்லிம் அவரே. அதே நாட்களில், டிசம்பர் 28ஆம் திகதி, லக்னோவில் பேசிய ஸேர் ஸெய்யித் அஹ்மத் கான், முஸ்லிம்கள் காங்கிரஸில் சேரலாகாது என வலியுறுத்தினார்.

ஸேர் ஸெய்யித்தைப் பற்றி நம்மிடையே நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு மறுமொழி எழுதிய சட்டத்தரணியைப் பற்றி எழுதப்பட்டது சொற்பமே.

தையாப்ஜி 1844இல் பம்பாயில் சுலைமானி போரா வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1860இல் இங்கிலாந்து சென்றார். கண்நோயால் படிப்பு இடையில் தடைப்பட்டபோதும் மீண்டும் சென்று 1867இல் பரிஸ்டரானார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் புரிந்த முதல் இந்திய பரிஸ்டர் அவர். பரிஸ்டரிடம் வழக்கைக் கொண்டு வருபவர் சொலிசிற்றர். தமையன் கமருத்தீன் அவ்வூரின் முதல் இந்திய சொலிசிற்றராக இருந்தமை தம்பிக்குப் பேருதவியாயிற்று.

1873இல் பம்பாய் மாநகர சபையிலும் 1882இல் மாகாண சட்டசபையிலும் அங்கத்தவரானார். 1874இல் தமையனுடன் சேர்ந்து, முஸ்லிம்களின் கல்விக்காக அஞ்சுமனே இஸ்லாம் சங்கத்தைத் தொடங்கினார். 1885இல் பார்சியரான பிரோஸ்ஷா மேத்தா, இந்துவான தெலாங் ஆகியோருடன் பம்பாய் மாகாணச் சங்கத்தை நிறுவினார். சமூகப் பணியும் பொதுப் பணியும் அவரிடத்தில் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

ஸேர் ஸெய்யித்தின் அச்சம் வெறும் கற்பனையன்று. தேர்தல் முறை வந்தால் எண்ணிக்கையிற் சிறியோர் என்றும் தோற்றுக்கொண்டே இருப்பர் என்பது அவர் வாதம். பல்வேறு இனங்களும் மதங்களும் வாழும் நாட்டில் 'தேசிய' காங்கிரஸ் என்பதன் பொருள் யாது என்று தையாப்ஜிக்கு எழுதிக் கேட்டார். 1888 பெப்ரவரியில் தையாப்ஜி பதில் எழுதினார். இந்தியா முழுவதும் ஒரே இனம் என்று அவர் வாதாடவில்லை. எல்லோரையும் தொடும் விடயங்கள் உள்ளன. அவற்றை எல்லோரும் கூடிப் பேசலாம். முஸ்லிம்களுக்குப் பாதகமானதை உள்ளே இருந்தே தடுக்கலாம் என்றார்.

சட்டத்தரணியாகையால் அதற்கொரு விதியையும் வகுத்தார். ஒரு சமூகத்தின் பிரதிநிதிகள் ஏகமனதாகவோ ஏறத்தாழ ஏகமனதாகவோ எதிர்க்கும் விடயத்தைக் காங்கிரஸ் எடுத்தாளக்கூடாது என்பதே அது. 1888 அலகாபாத் மகாநாடு அவ்விதியை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் அதற்கு முன்னரே, அதே ஆண்டு ஒக்டோபரில், அவர் மனந்தளர்ந்திருந்தார். முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் எதிர்ப்பதால் காங்கிரஸை ஐந்தாண்டுகளாவது ஒத்திவைப்பது நன்று என்று அதன் செயலாளர் ஹியூமுக்கு எழுதினார். ஹியூம் இணங்கவில்லை. இக்கடிதத்தை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. தம் சமூகத்தை வெளியே விட்டுவிட்டுத் தாம் மட்டும் மேடையேறி நிற்க அவர் விரும்பவில்லை என்றே நான் இதனை விளங்கிக்கொள்கிறேன்.

1895இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முதல் முஸ்லிம் நீதியரசரானார். 1897இல் பாலகங்காதர திலகர் இராசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானபோது, முன்னர் மறுக்கப்பட்ட பிணையை வழங்கியவர் தையாப்ஜியே. திலகரின் அரசியலுக்கும் அவரது அரசியலுக்கும் தூரம் அதிகம். சட்டத்தின் முன் அத்தூரத்தை அவர் பார்க்கவில்லை.

ஸேர் ஸெய்யித் 1898இல் காலமானார். ஐந்தாண்டுகளின் பின், 1903இல், அவர் நிறுவிய முஸ்லிம் கல்வி மகாநாடு பம்பாயிற் கூடியபோது தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் தையாப்ஜி. பெண் கல்விக்காகவும் பர்தாவின் கடுமையைக் குறைப்பதற்காகவும் அங்கே பேசினார். காங்கிரஸுடன் தமக்கிருந்த தொடர்பையும் அச்சபையில் அவர் மறைக்கவில்லை. 1906 ஆகஸ்டில் லண்டனில் வபாத்தானார்.

எதிரெதிராக நின்ற இரு சபைகளும் ஒரே மனிதரைத் தலைமைக்கு அழைத்தன. இரண்டிலும் அவர் ஒரே முகத்துடனேயே அமர்ந்தார். சிறுபான்மையினராய் வாழும் நமக்கு அவரிடமிருந்து கற்க வேண்டிய பாடம் அதுவே.