'கீச்'னா ஒண்ணு, 'கரகர'னா வேற... உங்க பைக் என்ன சொல்லுது?

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். பால்கோவா வாங்கணும்னு ஒரு சாக்கு கிடைச்சாலே பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிடுற ரூட். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் பைக்கோட முன் பிரேக்கில் 'கீச்' சத்தம் ஆரம்பிச்சது. 'மழை பெஞ்சிருக்கு, தானா சரியாகிடும்'னு விட்டுட்டேன். மூணு வாரத்தில் அது 'கரகர'ன்னு மாறிடுச்சு. கழற்றிப் பார்த்தா, பேடில் தேய்றதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை. பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு டிஸ்க்கில் கோடு கோடா கிழிச்சிருந்தது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது, டிஸ்க்கும் சேர்ந்து ஆயிரங்களில் போய் நின்றது. அந்த மூணு வாரமும் அம்மாவைப் பின்னாடி உட்காரவெச்சு ஓட்டியிருக்கேன்னு நினைச்சப்போதான் வயித்தைக் கலக்குச்சு.

என் 'மழை' சமாதானத்தில் பாதி உண்மை இருக்கு. ராத்திரி நனைஞ்ச வண்டியின் டிஸ்க்கில் மெல்லிசா துரு பிடிக்கும். காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குச் சத்தம் வரும், பேட் அதைத் துடைச்சதும் நின்னுடும். அன்னிக்கு நிக்கலைன்னா அது மழை இல்லை. அய்யனார் கோயில் பக்கம், செண்பகத்தோப்புப் பக்கம்னு மண் ரோட்டில் சுத்துற வண்டிகளுக்குத் தூசி உள்ளே புகுந்தும் 'கீச்' வரலாம். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் பிடிச்சு, நழுவி, மறுபடி பிடிக்கிற அதிர்வுதான் அந்தச் சத்தம். சுத்தம் பண்ணினாலே பெரும்பாலும் போயிடும். ஆனா 'கரகர'ன்னு இரும்பை இரும்பு உரசுற சத்தம் வந்துட்டா, அடுத்த ஸ்டாப் மெக்கானிக் கடைதான்.

பேட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நீங்களே பார்க்கலாம். மொபைல் டார்ச்சை அடிச்சு காலிப்பருக்குள்ளே பாருங்க. பெரும்பாலான பேடுகளில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அது மறைஞ்சுட்டா மாத்தணும். ட்ரம் பிரேக்கா? பல வண்டிகளில் ட்ரம் மேலே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா அழுத்தும்போது அது கோட்டைத் தாண்டினா ஷூ முடிஞ்சதுன்னு அர்த்தம். சத்தம் போகணும்னு டிஸ்க்கில் எண்ணெய் விடுறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போயிடும்!

எல்லாச் சத்தமும் கெட்ட சத்தமும் இல்லை. 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி-க்கு மேல் உள்ள பைக்குகளுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். மண்ணில் சடன் பிரேக் போட்டா லிவரில் 'டடடட'ன்னு துடிக்கும். அது வேலை செய்றதுக்கான அடையாளம், பயந்து பிரேக்கை விட்டுடாதீங்க.

பிரேக்கே பிடிக்காம ஓடும்போது சத்தம் வந்தா? காலியான நேர் ரோட்டில், 40-ல் போகும்போது கிளட்சைப் பிடிங்க. இன்ஜின் வேகம் குறையுறப்போ சத்தமும் குறைஞ்சா, அது இன்ஜின் பக்கம். வண்டி வேகத்தோடு சேர்ந்தே வந்தா, செயின் அல்லது வீல். மெக்கானிக் அண்ணன்கள் முதலில் பண்ணிப் பார்க்கிறது பெரும்பாலும் இதைத்தான்.

செயின்ல இருந்து 'சடசட'ன்னு வந்தா, தொங்கி கவரில் அடிக்குது. சாதாரண கம்யூட்டர் பைக்கில் செயின் நடுவில் மேலும் கீழும் 20-30 மி.மீ. ஆடலாம், சரியான அளவு உங்க மேனுவலில் இருக்கும். வறண்டு 'கிறீச்'சுன்னா எண்ணெய் கேக்குது. ஸ்ப்ராக்கெட் பல் சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாஞ்சிருந்தா, செயினை மட்டும் மாத்துறது காசு வேஸ்ட், செட்டாகவே மாத்துங்க. ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' அடிச்சா, பின் வீல் ஹப் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்க. வேகம் ஏற ஏற 'ஊ...'ன்னு ஊளையிட்டா வீல் பேரிங். முன் பிரேக் பிடிச்சதும் ஹேண்டில்பாரில் 'டொக்'னா கோன் செட்.

இதையெல்லாம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வீலைக் கையால் சுத்திப் பார்க்கலாம். இன்ஜின் கண்டிப்பா ஆஃபில் இருக்கணும். இன்ஜின் ஓடும்போது துணியால் செயினைத் துடைச்சு விரலை இழந்தவங்க உண்டு.

வீட்டில் கார் இருந்தா ரெண்டு விஷயம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது 'டக் டக் டக்'னா, முன் வீலுக்குப் போகிற ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் தேய்ஞ்சிருக்கலாம். அதன் ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளியே தெறிச்சிருக்கான்னு பாருங்க. பூட்டை அப்பவே மாத்தினா ஜாயின்ட் தப்பிக்கும். பிரேக் பிடிக்காதப்போ வர்ற மெல்லிய 'கீச்', பிடிச்சதும் நின்னா, பேட் தீரப்போகுதுன்னு சொல்றதுக்காகவே வெச்சிருக்கிற தகடா இருக்கலாம்.

கடை வாசலுக்குப் போனதும் சத்தம் நின்னுடும், அது எல்லா வண்டிக்கும் இருக்கிற குணம். அதனால வர்றப்பவே, பின்னாடி இருக்கிறவங்ககிட்ட மொபைலைக் கொடுத்து ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க. பிரேக் பிடிச்சப்பவா, திரும்பினப்பவா, எத்தனை கிலோமீட்டர் வேகம்னு அவங்களே வாயால் சொல்லிடட்டும். போன வாரம் நான் அப்படி ஒரு ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். பத்து செகண்ட் கேட்டுட்டு, 'செயின்தான் தம்பி, உக்காரு'ன்னார் மெக்கானிக். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள டைட் பண்ணிக் கொடுத்துட்டார்.