குண்டுக்குக் காத்திருந்தோம், வெள்ளம் வந்துச்சு

எங்க பாட்டிக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் சுத்தமா வரும். "எவாக்குவேஷன்". வீட்டுல எந்தச் சம்பவத்தைக் கேட்டாலும் "அது எவாக்குவேஷனுக்கு முந்தி", "இது எவாக்குவேஷனுக்கு அப்புறம்"னுதான் கணக்கு சொல்வாங்க. கி.மு., கி.பி. மாதிரி :-) 1942 ஏப்ரல்ல சிந்தாதிரிப்பேட்டையில இருந்து சட்டி பானையோட ரயிலேறி செவ்வாப்பேட்டை வந்து சேர்ந்த குடும்பம் எங்களோடது. திரும்பிப் போகவே இல்லை. ஆக, நான் இந்த ஊர்க்காரனா இருக்கறதுக்குக் காரணம் ஜப்பான்காரன்!

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்குச்சு. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது மெட்ராஸ்தான்னு ஊரே நம்பிடுச்சு. அரசாங்க ஆபீஸ்களை வெளியூருக்கு மாத்தினாங்க. குண்டு விழுந்தா கூண்டு உடைஞ்சு தப்பிச்சுடுமேன்னு மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம் புலியெல்லாம் சுட்டுக் கொன்னுட்டாங்க. பாவம், அதுங்களுக்கு எவாக்குவேஷன் கிடைக்கலை.

எல்லாரும் ஓடினப்ப ஓடாம நின்னவங்களும் உண்டு. ஏ.ஆர்.பி. வார்டன்கள். விமானத் தாக்குதல் வந்தா ஜனங்களைக் காப்பாத்தறதுக்காகப் பயிற்சி எடுத்தவங்க. முக்கால்வாசிப் பேர் நம்மள மாதிரி சாதாரண ஆளுங்கதான். ராத்திரியில எந்த வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் தெரியுதுன்னு பார்த்து அணைக்கச் சொல்றது, சங்கு ஊதினா ஜனங்களைப் பதுங்குகுழிக்கு அனுப்பறது, மணல் வாளியும் கைப்பம்பும் வச்சு நெருப்பை அணைக்கறது, முதலுதவி, இதெல்லாம் அவங்க வேலை. தெருவுல எத்தனை வீடு, யார் வீட்டுல படுத்த படுக்கையா கிழவி இருக்காங்க, எந்தக் கிணத்துல தண்ணி இருக்கு, இவ்வளவும் வார்டனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுதான் அந்த ஏற்பாட்டோட உயிர்நாடி.

கடைசியில நடந்தது என்ன? 1943 அக்டோபர்ல ஒத்தை ஜப்பான் விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டு போட்டுட்டுப் போயிடுச்சு. பெரிய சேதம் இல்லை. அதே மாசம் விடாம பெஞ்ச மழையில கூவம் பெருக்கெடுத்து நகரத்தை முழுங்கிடுச்சு. குண்டுக்காகத் தயாரான ஊரைக் கவுத்தது தண்ணி.

சரி, அந்தப் பாடத்தை நாம கத்துக்கிட்டோமா? யுத்தம் முடிஞ்சதும் ஏ.ஆர்.பி. கலைஞ்சுடுச்சு. 1946 டிசம்பர்ல பம்பாய்ல ஆரம்பிச்ச ஊர்க்காவல் படை, 1962 சீன யுத்தத்துக்கு அப்புறம் நாடு முழுக்கப் பரவுச்சு. 1968-ல குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ஆனா அந்தச் சட்டம் பேசினது எதிரியோட தாக்குதலைப் பத்தி மட்டும்தான். புயல், வெள்ளம், விஷவாயு எதுவும் அதுல கிடையாது. 1984-ல போபால். 2004-ல சுனாமி. அதுக்கப்புறம்தான் 2005-ல பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2009-ல குடிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் திருத்தம். அப்பதான் 'பேரிடர்'ங்கற வார்த்தை அதுக்குள்ள நுழைஞ்சது. 41 வருஷம்! 2016-ல ஆரம்பிச்ச 'ஆப்த மித்ரா' திட்டத்துல பொதுஜனங்களுக்கே மீட்புப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்.

நம்ம மேல குண்டு போட்ட அதே ஜப்பானைப் பாருங்க. 1923 செப்டம்பர் 1 பூகம்பத்தை மறக்காம, 1960-ல இருந்து அந்த நாளைப் பேரிடர் தடுப்பு நாளா வச்சு வருஷா வருஷம் ஒத்திகை பாக்கறாங்க. 1995 கோபே பூகம்பத்துல இடிபாட்டுல இருந்து மீட்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களைத் தூக்கினது குடும்பத்து ஆளுங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான்.

அது நம்ம பக்கமும் உண்மைதான். 2024 அக்டோபர் 11 ராத்திரி கவரைப்பேட்டையில பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்னுட்டிருந்த சரக்கு ரயில் மேல மோதுச்சு. இருட்டுல முதல்ல ஓடி வந்தது அக்கம்பக்கத்து ஜனங்கதான். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அங்கே மனசும் கையும் போதுமா இருந்துச்சு.

எப்பவும் போதுமா? 2025 மே 7-ம் தேதி நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை. நம்ம மாநிலத்துல சென்னைத் துறைமுகத்துலயும் கல்பாக்கத்துலயும் நடத்தினாங்க. ரெண்டே மாசம். ஜூலை 13 விடிகாலையில திருவள்ளூர் பக்கத்துல டீசல் ஏத்திட்டு வந்த சரக்கு ரயில் தீப்பிடிச்சு எரிஞ்சுது. 18 டேங்கர் நாசம். எங்க ஊரைத் தாண்டிப் போற அதே பாதை. 1943 ஞாபகம் வருதா இல்லையா?

இந்த மாதிரி நெருப்புல தைரியசாலிதான் முதல்ல சாவான். எரியற டீசல் மேல வாளித் தண்ணிய ஊத்தினா, எண்ணெய் மிதந்து நெருப்பு இன்னும் பரவும். கிட்டப் போய் செல்போன்ல படம் எடுக்கறதும் அதே கதைதான். விஷவாயுவும் அப்படித்தான். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சப்ப ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து ஓடினாங்க. காத்து வீசற திசையிலயே ஓடினா வாயுவும் கூடவே வரும். ஈரத்துணியால மூக்கை மூடிக்கிட்டு, காத்துக்குக் குறுக்கா விலகிப் போகணும். இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். ஆனா அந்த அரைமணி நேரம் கசிவுக்கு முன்னாடி கிடைக்கணும்.

இதுக்குச் சட்டம் இருக்கு. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகள்படி, பெரிய விபத்து நடக்கக்கூடிய ஆலையைச் சுத்தி இருக்கற ஜனங்களுக்கு, என்ன ஆபத்து, வந்தா என்ன செய்யணும்னு முன்கூட்டியே சொல்லணும். ஆலைக்கு வெளியிலயும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை நடக்கணும். கும்மிடிப்பூண்டி, மணலி, எண்ணூர் பக்கம் இருக்கற நண்பர்களே, உங்க தெருவுல யாராவது வந்து சொல்லியிருக்காங்களா? இல்லைன்னா அடுத்த கிராமசபையில எழுந்து நின்னு கேளுங்க. நானும் என் பங்குக்கு எங்க தெருக் கணக்கை எடுக்க ஆரம்பிச்சுட்டேன். எத்தனை வீடு, எத்தனை வயசானவங்க, யார்கிட்ட வண்டி இருக்கு. 1942 வார்டன் நோட்டு மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு.

பி.கு.: முதல் நாள் போனப்ப எதிர்வீட்டு அம்மா "எந்தக் கட்சி தம்பி?"ன்னு கேட்டாங்க. எந்தக் கட்சியும் இல்லைம்மான்னு சொல்லி நம்ப வைக்கறதுக்கே கால்மணி நேரம் ஆச்சு :-)