பரபரப்புப் படங்களின் வானொலி விளம்பரங்கள்

பரபரப்புப் படங்களின் வானொலி விளம்பரங்கள் என்பவை 1960கள், 1970களில் அமெரிக்காவில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில், குற்ற, மோட்டார்சைக்கிள் கும்பல் படங்களுக்காக ஒலிபரப்பான குறுவிளம்பரங்கள் ஆகும். பெரும்பாலும் 60 அல்லது 30 நொடி நீளமுள்ள இவை இசைத்தட்டில் பதியப்பட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன.

1954இல் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் தொடங்கிய நிறுவனம் பின்னர் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் எனப் பெயர் பெற்றது. அதுவும், 1970இல் ரோஜர் கோர்மன் தொடங்கிய நியூ வேர்ல்ட் பிக்சர்ஸும் இவ்வகைப் படங்களை வெளியிட்டன. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளுக்கு இளைஞர்கள் திரண்டனர். அவர்களை எட்ட வானொலி எளிய வழி.

திரையில் ரப்பர் பொம்மையாகத் தெரியும் பூதம், ஓர் அலறலும் கனத்த குரலும் சேர்ந்தால் வானொலியில் மெய்யான பூதமாகிவிடும். பணமில்லாத தயாரிப்பாளர் காட்ட முடியாததைக் கேட்பவரின் கற்பனை காட்டியது. அதனால் விளம்பரம் தந்த வாக்கைப் படம் பல வேளைகளில் காப்பாற்றவில்லை.

குரல் கொடுத்தவர் யாரென விளம்பரம் சொல்லாது. கறுப்பினப் பார்வையாளருக்காக எடுக்கப்பட்ட பல படங்களின் விளம்பரங்களில் ஒலித்தது மேடை நடிகர் அடால்ஃப் சீசரின் குரல். 1984இல் வெளிவந்த ‘எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி’ படமே அவரது முகத்தைப் பரவலாக அறியச் செய்தது. அதற்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்ற அவர், 1986இல் காலமானார்.

படம் ஓடி முடிந்ததும் இத்தட்டுகளுக்கு வேலை முடிந்தது. தப்பியவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர். படத்தைப் பார்க்காதவரும் விளம்பரத்தை விரும்பிக் கேட்பதுண்டு.