எரிந்த பற்றுக்கொப்பி

தோட்டத்து மக்களுக்குக் கடை என்பது வெறும் கடையன்று. சம்பளம் மாதத்தில் ஒரு நாள். எஞ்சிய நாட்களில் அடுப்பு எரிய வேண்டுமானால் நகரத்துக் கடையில் பற்று வைக்க வேண்டும். அரிசியும் மாவும் கருவாடும் அந்தக் கொப்பியின் பேரில்தான் லயத்துக்கு வந்து சேரும். ஹட்டன் பக்கத்துக் கடையொன்றின் கொப்பியில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது.

1983 ஜூலை இறுதி வாரத்தில் அந்தக் கடை எரிந்தது.

நேயர்களே, நடந்ததைச் சற்று வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில் மூண்ட தீ, 26ஆம் திகதி கண்டிக்கும் கம்பளைக்கும் வந்தது. பின்னர் நாவலப்பிட்டி, ஹட்டன், பதுளை எனப் பரவியது. நுவரெலியாவும் தப்பவில்லை. வடக்கே நடந்த தாக்குதலுக்கும் கொழுந்து பறிக்கும் மக்களுக்கும் என்ன சம்பந்தம்? மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அதே அரசில் அமைச்சராக இருந்தார். அதுவும் எங்கள் கடைத்தெருக்களைக் காக்கவில்லை.

அதை 'இனக்கலவரம்' என்றே இன்றும் சொல்கிறோம். கலவரம் என்றால் இரு தரப்பு மோதல். இதில் மோதல் எங்கே? கொழும்பில் வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. தமிழர் வீடும் கடையும் பார்த்துப் பார்த்துக் கொளுத்தப்பட்டன. இது முன்கூட்டியே திட்டமிடப்பட்ட செயல் என்று சர்வதேச சட்ட நிபுணர்கள் ஆணைக்குழுவுக்காக போல் சீகார்ட் எழுதிய 1984ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அரசோ பழியை இடதுசாரிகள் மீது போட்டு மூன்று கட்சிகளைத் தடைசெய்தது.

தீயின் மீது பொய்யைப் போர்த்துவது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. 1971 டிசம்பர் 4 அன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், மக்கர்க் குடும்பத்தின் மதுச்சாலையை அல்ஸ்டர் தொண்டர் படை குண்டு வைத்துத் தகர்த்தது. 15 பேர் மாண்டனர். உரிமையாளர் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். ஆனால் குண்டு உள்ளே இருந்த ஐரிஷ் குடியரசுப் படையினருடையது என்ற கதையே பரப்பப்பட்டது. செத்தவர்கள் மீதே சந்தேகம் விழுந்தது. 1978இல் தொண்டர் படையைச் சேர்ந்த ஒருவர் தண்டிக்கப்பட்டார். பொலிஸ் விசாரணை பக்கச்சார்பானது என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல 2011 வரை ஆயிற்று.

இங்கே, ஜூலைக் கொடுமைக்காக ஜனாதிபதி சந்திரிகா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2004இல். இடையில் 21 ஆண்டுகள். கடையை மீண்டும் கட்டிவிடலாம். பொய்யை அகற்றத்தான் ஒரு தலைமுறை தேவைப்படுகிறது.

சில மாதங்களின் பின் எங்கள் கடை முதலாளி தகரக் கொட்டிலில் மறுபடி வியாபாரம் தொடங்கினார். அவரிடம் கொப்பி இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கவுமில்லை. சம்பளத்தன்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய், பழைய பற்றை மனக்கணக்காகச் சொல்லிப் பணத்தை நீட்டினார்.

"கொப்பிதான் எரிஞ்சு போச்சே, தாயி" என்றார் அவர்.

"கொப்பி எரிஞ்சா பத்து தீந்திருமா, மொதலாளி?" என்றார் அம்மா.