தென்காசியிலிருந்து கொழும்பு: தொலைவும் பயண நேரமும்

தென்காசியை அடுத்த குற்றாலத்து ஐந்தருவியிலிருந்து நேர்தொலைவில், அதாவது பாதையின் வளைவுகளைக் கருதாமல் நேர்கோட்டில் அளந்தால், கொழும்பு ஏறத்தாழ 360 கி.மீ. தூரத்திலும் சென்னை ஏறத்தாழ 560 கி.மீ. தூரத்திலும் உள்ளன. அயல்நாட்டுப் பெருநகர் சொந்த மாநிலத் தலைநகரைவிட அருகில் இருப்பது என்றும் மாறாத நிலை என்றாலும், அங்கே போய்ச் சேர எடுத்த நேரம் காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. அதை ஊர்தியின் வேகத்தைவிட எல்லையின் விதிகளே பெரிதும் தீர்மானித்தன.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை வந்தது. 1903-இல் திருநெல்வேலியிலிருந்து மற்றொரு பாதை தென்காசி வழியாக, அன்று திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்த செங்கோட்டை வரை நீண்டது. அதன்பின் தென்காசியில் ரயிலேறியவர் மணியாச்சியில் வண்டி மாறித் தூத்துக்குடியை அடைந்து, மாலையில் நீராவிக் கப்பலேறி மறுநாள் காலை கொழும்பில் இறங்க முடிந்தது.

ஆனால் அந்த ஓரிரவுப் பயணம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. திருநெல்வேலிச் சீமை உள்ளிட்ட தென் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், கங்காணி எனப்படும் ஆள்சேர்ப்பவரின் பொறுப்பில் கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் சேவையும் தொடங்கியபின் கடலில் செல்லும் தூரம் சுமார் 35 கி.மீ. ஆகக் குறைந்தது. எனினும் இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே நடத்திய மண்டபம் முகாமில், அம்மை குத்தப்பட்டு, காலரா முதலிய தொற்றுநோய்கள் இல்லையென்று உறுதியாகும் வரை அவர்கள் நாள்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். சில மணி நேரக் கடற்பயணத்துக்காகப் பல நாள் காத்திருந்தவர்கள், அந்தத் தோட்டங்களைத் தம் உழைப்பால் வாழவைத்தவர்கள் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

வான்வழி இதற்குப் பின்னர் வந்தது. கராச்சிக்கும் சென்னைக்கும் இடையே பறந்த டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் 1938-இல் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு இரத்மலானை வரை நீட்டிக்கப்பட்டது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. வானம் திறந்த அதே காலத்தில் நிலத்தின் கதவு இறுகத் தொடங்கியது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் கடவுச்சீட்டையும் விசாவையும் கட்டாயமாக்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களின் இனப்போரில் நின்றது.

மதுரைக்கும் கொழும்புக்கும் 2012-இல் விமானம் பறக்கத் தொடங்கியது. வானில் கழிவது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆயினும் தென்காசிக்காரர் அதற்காக 150 கி.மீ.-க்கு மேல் வடகிழக்கே மதுரைக்குச் செல்ல வேண்டும், அல்லது ஆரியங்காவு மலைவழி கடந்து மேற்கே திருவனந்தபுரத்தை அடைய வேண்டும். அதன்பின் குடியகல்வு, சுங்கச் சோதனைகளுக்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் இலங்கைக்கு வாயிலாக இருந்த தூத்துக்குடியிலிருந்து 2011-இல் மீண்டும் தொடங்கிய கொழும்புக் கப்பல் அவ்வாண்டே நின்றுபோனது. அந்நகரின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு, அதைவிட அருகிலுள்ள கொழும்புக்கு இல்லை.