பூசையறைப் படத்தின் வயது: ஆய்வுகூடம் சொல்வதும் சொல்லாததும்

யாங்கோனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பூசையறையில் தஞ்சாவூர்ப் பாணியிலான கிருஷ்ணர் படம் ஒன்று இருக்கிறது. பூட்டனார் கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள். 1942இல் யப்பானியர் வந்தபோதும், 1964இல் கடைகள் அரசுடைமையானபோதும் பத்திரங்கள் போயின, படம் மிஞ்சியது. அண்மையில் ஒரு தரகர், "இது புதிதாகச் செய்த போலி" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார். கணக்காய்வு செய்து பழகிய எம்மிடம் வீட்டார் ஆலோசனை கேட்டார்கள். இடம்பெயர்ந்த வேறு வீடுகளுக்கும் உதவும் என்பதால், நாம் தேடி அறிந்ததைத் தொகுத்துத் தருகிறோம்.

தஞ்சைச் சுவர் தந்த பாடம்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன், சுவரின் சாந்தையும் நிறப்பொருட்களையும் சோதித்தார். சோழர் ஓவியம் ஈரச் சுண்ணத்தின்மேல் வரையப்பட்டது என்பது அவருடைய முடிவு. கையொப்பமில்லாத ஓவியத்துக்கு அதன் பொருட்களே சாட்சி.

நிறத்துக்கும் பிறந்த ஆண்டு உண்டு

பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. டைட்டானியம் வெள்ளை சந்தைக்கு வந்தது 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஆகவே 1880இல் வரைந்ததாகச் சொல்லும் படத்தின் மூல வர்ணத்தில் டைட்டானியம் இருந்தால், அந்தத் திகதி பொய். 1914இல் காம்பென்டொங்க் வரைந்தது என்று 2006இல் விற்கப்பட்ட ஓவியம் இப்படித்தான் அகப்பட்டது. அதை வரைந்த வொல்ஃப்காங் பெல்ட்ராக்கிக்கு 2011இல் ஜெர்மனியில் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆனால் பூசைப் படங்களுக்குப் பின்னாளில் வர்ணம் பூசிப் புதுப்பிப்பது வழக்கம். ஓரிடத்தில் டைட்டானியம் கண்டதும் முழுப் படத்தையும் போலி என்று தள்ளக்கூடாது. பல இடங்களில் சோதிக்க வேண்டும்.

கருவிகள்

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி, படத்தைச் சுரண்டாமலே அதிலுள்ள தனிமங்களைக் காட்டும். ஒட்டியிருப்பது தங்கத் தகடா, செம்பும் நாகமும் கலந்த பித்தளையா என்பது இதில் தெரிந்துவிடும். அகச்சிவப்பு ஒளிப்படம் வர்ணத்தின் அடியிலுள்ள கோட்டுருவை வெளிக்கொணரலாம். காபன்-14 சோதனை பலகை, துணி ஆகியவற்றின் வயதைக் கணிக்கும். ஆனால் பழைய தேக்குக்குப் பஞ்சமில்லாத ஊரில், பலகையின் வயதைப் படத்தின் வயதாகக் கொள்ளலாமா? பழைய பேரேட்டின் வெற்றுத் தாளில் இன்று ஒரு பதிவை எழுத எவராலும் முடியும்.

சொல்லாதது

ஆய்வுகூடம் ஒரு திகதியைப் பொய் என்று நிறுவலாம். பொருள் யாருடையது என்று அது சொல்லாது. அரியலூர் மாவட்டம் சிறிபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசர், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் கோயிலில் எடுத்து வைத்திருந்த ஒளிப்படம் வலுவான சான்றாயிற்று. 2014இல் அவர் நாடு திரும்பினார்.

எனவே அந்த வீட்டில் நாம் முதலில் கேட்டது பழைய கல்யாணப் படங்களைத்தான். பின்புறம் ரங்கூன் ஸ்டூடியோ முத்திரையும் 1938 என்ற ஆண்டும் உள்ள ஒன்றில், மணமக்களுக்குப் பின்னால் அதே கிருஷ்ணர். சட்டத்தின் இடது மூலையில் கண்ணாடிக்கல் உதிர்ந்த இடமும் பொருந்துகிறது. பூட்டனார் கொண்டுவந்த ஆண்டை இது நிறுவாது. தரகரின் பேச்சைத் தள்ளுபடி செய்ய இது போதும்.

உங்கள் வீட்டுப் படத்தை எண்ணெயோ ஈரத்துணியோ கொண்டு துடைக்க வேண்டாம். முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுங்கள். அது வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரோடும் திகதியோடும் எழுதி வையுங்கள். வர்ணத்தை அடுத்த வருடமும் சோதிக்கலாம். அவர்களிடம் இன்றே கேட்க வேண்டும்.