தூரத்தின் விலை: பிரேசர் டவுனும் எஸ்.டி.டி. ஏகபோகத்தின் முடிவும்

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், உள்நாட்டு நெடுந்தொலைவுத் தொலைபேசிச் சேவையில் தனியார் நிறுவனங்கள் நுழைவதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு வெளியிட்டது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் நடுவணரசுக்கு அளித்திருந்த தனியுரிமை, மாநிலம்விட்டு மாநிலம் பேசும் பேச்சைப் பொறுத்தவரை அன்றுதான் தளர்ந்தது. பொருளியல் வரலாறுகள் இந்நிகழ்வைத் தாராளமயமாக்கலின் ஒரு கட்டமாகக் குறித்துவிட்டுக் கடந்து செல்கின்றன. கொள்கை ஆவணம், அமைச்சரவை முடிவு, உரிமக் கட்டணம் என மேலிருந்தே அக்கதை சொல்லப்படுகிறது. மக்கள் இந்தப் போட்டியை விரும்பினார்களா, விரும்பினார்கள் எனில் எதற்காக என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. அக்கேள்வியை எழுப்பிப் பார்க்கத் தக்க இடங்களுள் ஒன்று பெங்களூரின் பிரேசர் டவுன்.

1809இல் பிரித்தானியர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது, அதன் தேவைகளை ஒட்டிச் சென்னை மாகாணத்தின் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வணிகர், கைவினைஞர், கூலித் தொழிலாளர், பணியாளர் எனப் பலரும் வந்து குடியேறினர். 1898இன் கொள்ளைநோய்க்குப் பின், நெரிசலான குடியிருப்புகளுக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட புறநகர்களுள் ஒன்றாக இப்பகுதி உருவானது. 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டு, மைசூரின் பிரித்தானிய ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்றது. பின்னாளில் புலிகேசி நகர் என்று அரசு பெயர் மாற்றிய பின்னும் பேச்சுவழக்கில் பழைய பெயரே நிலைத்தது. தமிழும் தக்கினி உருதுவும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இப்பகுதியின் உறவு வலைப்பின்னல் மாநில எல்லைக்குள் அடங்குவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், திருப்பத்தூர், தருமபுரி, சென்னை என்று அது கிழக்கும் தெற்கும் நீள்கிறது. இத்தகைய ஊரில் நெடுந்தொலைவு அழைப்பு என்பது பெரும்பாலும் வீட்டோடு பேசும் பேச்சு: பிறப்பு, இறப்பு, பெண் பார்த்தல், பணம் வந்து சேர்ந்த செய்தி.

அந்தப் பேச்சு எப்படி விலையிடப்பட்டது என்பதை நினைவுகூர்வது தேவை. தொடக்கத்தில் டிரங்கு கால்தான் இருந்தது. இணைப்பகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் வேகம் என்று மும்முறைகள். காத்திருக்கும் நேரம் குறையக் குறையக் கட்டணம் கூடும். குறிப்பிட்ட ஆளையே அழைத்துத் தரச் சொல்லும் பி.பி. கால் தனி. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தபின், சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் முறை மெல்லப் பரவியது. எண்பதுகளின் பிற்பகுதியில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் பெருகின. சொந்தத் தொலைபேசி இல்லாத பெரும்பான்மையினர் வெளியூருக்குத் தாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் வாய்ப்பு அவற்றின் வழியாகவே வந்தது.

கட்டணத்தின் அலகு துடிப்பு எனப்பட்டது. ஒரு துடிப்பின் விலை மாறாது. அதற்குள் எத்தனை நொடி பேசலாம் என்பதைத் தூரம் தீர்மானித்தது. இரு இணைப்பு மையங்களுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவு கூடக்கூட நொடிகள் குறைந்தன. மாலைக்குப் பின் பாதிக் கட்டணம், பிறகு மூன்றில் ஒரு பங்கு, இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் எனச் சலுகை நேரங்கள் இருந்தன. ஆகவே கையில் காசு குறைந்தவர்கள் இரவு முற்றும்வரை காத்திருந்தனர். பூத்தின் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களின் உரையாடல், நலம் விசாரிப்பைச் சுருக்கி, செய்தியை முன்னே வைத்து, விடைபெறுதலை விழுங்கியது. உரையாடலின் அமைப்பையே ஒரு கட்டண அட்டவணை மாற்றியமைத்த காலம் அது.

இவ்வளவு விலை ஏன்? நெடுந்தொலைவு அழைப்பில் கிடைத்த உபரியைக் கொண்டே தொலைத்தொடர்புத் துறை மாத வாடகையையும் உள்ளூர் அழைப்பையும் குறைவாக வைத்திருந்தது. இந்தக் குறுக்கு மானியத்துக்கு ஒரு நியாயம் கூறப்பட்டது: தூரத்துக்குப் பேசுவோர் வசதி படைத்த வணிகர், அவர்களிடம் வாங்கி எளியவர்க்குத் தரலாம். ஆனால் 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தரும் கணக்குப்படி நாட்டில் ஏறத்தாழ 80 லட்சம் இணைப்புகளே இருந்தன; நூறு பேருக்கு 0.8 தொலைபேசி, காத்திருப்போர் 25 லட்சம். மலிவான உள்ளூர் அழைப்பு சொந்த இணைப்பு உடையவர்க்கே முழுமையாகப் பயன்பட்டது. இணைப்பு இல்லாமல் பூத்தில் நின்று ஊருக்குப் பேசிய தொழிலாளி, இணைப்பு உள்ள வீட்டின் உள்ளூர் அழைப்புக்கு மானியம் செலுத்திக்கொண்டிருந்தார்.

1994ஆம் ஆண்டின் கொள்கை அடிப்படைத் தொலைபேசிச் சேவையில் தனியாரை அனுமதித்தது. எனினும் அதைத் தொடர்ந்த உரிம விதிகள் ஒரு முக்கியமான கோட்டை வரைந்தன. தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் நெடுந்தொலைவு அழைப்புகளைத் தனியார் கொண்டுசெல்லலாம். வட்டத்துக்கு வட்டம் செல்லும் அழைப்பு அரசுத் துறைக்கே உரியது. வட்டங்களோ பெரும்பாலும் 1956இன் மொழிவழி மாநில எல்லைகளையே பின்பற்றின. அதாவது ஏகபோகத்தின் எல்லைக்கோடு மொழி எல்லையின் மேலேயே அமைந்தது. பிரேசர் டவுனிலிருந்து சாலைவழி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள பீதருக்குப் பேசுவது வட்டத்துக்குள் அடங்கும். நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓசூருக்குப் பேசுவது அடங்காது. தமிழ் பேசும் கோலார் தங்கவயல் எல்லைக்கு உள்ளே, ஆம்பூர் வெளியே. போட்டி எங்கே வரலாம் என்பதைத் தூரம் முடிவு செய்யவில்லை, மாநில எல்லை முடிவு செய்தது. எல்லை கடந்த உறவுகளைக் கொண்ட மொழிச் சிறுபான்மையினர்க்கு இந்த ஏற்பாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுமையானது.

இதே காலத்தில், இதே வட்டாரத்தில் வேறொரு காட்சியும் அரங்கேறியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பிரேசர் டவுனுக்கு அருகேயுள்ள மில்லர்ஸ் சாலையில் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. சிறப்பு அனுமதியுடன் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுடன் நேரடி இணைப்பையும் அமைத்துக்கொண்டது. அதற்கான அலைவாங்கித் தட்டு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய கதை பெங்களூரின் மென்பொருள் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்டது. அதில் கவனிக்கத் தக்கது வேறொன்று. பெருநிறுவனத்துக்கு ஏகபோகத்தைச் சுற்றிச் செல்லும் வழி முன்னரே கிடைத்துவிட்டது. நடந்து போகும் தொலைவில் பூத்தில் நின்றவர்க்கு அவ்வழி இல்லை. போட்டியை வேண்டியவர்கள் முதலாளிகள் மட்டுமே என்ற எளிய வாசிப்பை இந்த முரண் மறுக்கிறது.

எனினும் மக்கள் ஆதரவு ஒரே குரலாக ஒலித்ததென்று கூறிவிட முடியாது. 1997இல் சட்டத்தின்வழி அமைக்கப்பட்ட டிராய் எனும் ஒழுங்குமுறை ஆணையம், வெளிப்படைத்தன்மையைச் சட்டக் கடமையாகக் கொண்டிருந்தது. ஆலோசனைத் தாள்கள் வெளியாயின. திறந்த அமர்வுகளில் நுகர்வோர் அமைப்புகள் பேசின. 1999 மார்ச்சில் ஆணையம் வெளியிட்ட கட்டண ஆணை, நெடுந்தொலைவுக் கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்து, ஈடாக வாடகையையும் உள்ளூர்க் கட்டணத்தையும் உயர்த்த முற்பட்டது. உடனே எதிர்ப்பு எழுந்தது. எஸ்.டி.டி. விலை குறைவதை அனைவரும் வரவேற்றனர். மாத வாடகை உயர்வதைப் பெரும்பாலோர் எதிர்த்தனர். தூரத்துக்குப் பேசுவோரும் பக்கத்துக்குப் பேசுவோரும் நலனால் வேறுபட்ட இரு மக்கள். பல வீடுகளில் இருவரும் ஒருவரே. பொதுமக்கள் ஆதரவு என்று ஆவணங்கள் சுட்டும் பொருள் இத்தகைய உள்முரண் கொண்டது.

தொழிலாளர் தரப்பிலிருந்து எழுந்த அச்சம் இதனினும் ஆழமானது. பழைய மதராஸ் சாலை வழியே கிழக்கே சென்றால் தூரவாணி நகர். 1948இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் அங்கேதான் நாட்டின் தொலைபேசிகளையும் இணைப்பகக் கருவிகளையும் உற்பத்தி செய்தது. தமிழ்த் தொழிலாளர் கணிசமாகப் பணியாற்றிய ஆலை அது. அதன் பொருளை வாங்கியது ஏறத்தாழ ஒரே ஒரு வாங்குநர்: அரசுத் துறை. அத்துறையின் ஏகபோகமே ஆலையின் வாழ்வாதாரம். 1991க்குப் பின் கருவி உற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டதும் அந்நிறுவனம் நெருக்கடிக்கு உள்ளானது. துறையின் சேவைப் பிரிவு 2000 அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமாக மாற்றப்படவிருந்த நிலையில், செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓய்வூதியமும் பணிப் பாதுகாப்பும் அவர்களின் மையக் கவலைகள். ஒரே குடும்பத்தில் தந்தை அந்த ஆலையின் தொழிலாளியாகவும், மகள் சென்னைக்குப் பேசக் கட்டணக் குறைப்பை எதிர்பார்ப்பவளாகவும் இருந்திருக்கக்கூடிய நகரம் பெங்களூர். இருவரின் நியாயமும் மெய்யானது. ஒன்றன் பெயரால் மற்றதை மறைக்கும் வரலாறு அரைகுறையானது.

1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, 2000 ஜனவரி 1 முதல் நெடுந்தொலைவுச் சேவை திறக்கப்படும் என்றது. நெறிகள் வெளிவந்தது ஆகஸ்டில். நுழைவோர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. நுழைவுக் கட்டணம் 100 கோடி ரூபாய். நாட்டின் 322 நெடுந்தொலைவுக் கட்டணப் பகுதிகளையும் படிப்படியாக இணைக்கும் கடமையும் விதிக்கப்பட்டது. பாரதி நிறுவனம் 2002இன் தொடக்கத்தில் சேவையைத் தொடங்கியபோது, அதை எதிர்கொள்ளும் வகையில் பி.எஸ்.என்.எல். தன் எஸ்.டி.டி. கட்டணத்தைச் சில தொலைவுகளுக்கு 60 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1இல் வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல். கொண்டிருந்த ஏகபோகம், முன்பு உறுதியளிக்கப்பட்ட காலத்துக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே முடிந்தது. ஆண்டு இறுதியில் ரிலையன்ஸ் தன் வலைப்பின்னலுக்குள் எஸ்.டி.டி. அழைப்பை நிமிடத்துக்கு 40 காசு என்று அறிவித்தது. 2006 மார்ச் 1 முதல், தயாநிதி மாறன் அமைச்சராக இருந்தபோது, இந்தியா முழுமைக்கும் ஒரு ரூபாய்க் கட்டணத்தை அரசு நிறுவனங்களே கொண்டுவந்தன. ஓசூரும் பீதரும் ஒரே விலையாயின.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்திய வழியின் தனித்தன்மை விளங்கும். அங்கே எம்.சி.ஐ. நிறுவனம் 1969இல் சிகாகோ–செயின்ட் லூயிஸ் தடத்துக்கு அனுமதி பெற்றது முதல், 1984இல் ஏ.டி.அண்ட்.டி. பிரிக்கப்பட்டது வரை நீண்ட வழக்குகள் நடந்தன. முடிவில், ஒரே தொலைபேசியிலிருந்து எந்த நெடுந்தொலைவு நிறுவனத்தையும் தேர்ந்துகொள்ளும் உரிமை சந்தாதாரருக்குக் கிடைத்தது. இந்தியாவிலும் அத்தகைய தேர்வுமுறையை 2002இல் ஆணையம் பணித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. செல்பேசி பரவி, கட்டணம் வீழ்ந்தபின் அதைக் கேட்பாரும் இல்லாமற்போயினர். இந்தியர்க்குத் தேர்வு கிடைத்தது தொலைபேசியை மாற்றியதால். தடத்தைத் தேர்ந்ததால் அன்று. மக்கள் வேண்டியது விலைக் குறைப்பு. அது வந்ததும், அதைக் காக்கும் நிறுவன ஏற்பாடுகள்மீது கவனம் நிலைக்கவில்லை.

இந்தக் கவனக் குறைவின் பொருள் பின்னரே புலப்பட்டது. ஒரு காலத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் பல நிறுவனங்கள் மோதிய களத்தில் இன்று நாடளாவி மூன்று தனியார் நிறுவனங்களும் அரசு நிறுவனமும் எஞ்சியுள்ளன. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின. அடுத்து வந்த மாதங்களில் லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினர். 2000இல் அரசு ஏகபோகத்துக்கு மாற்றாகத் தனியாரை வரவேற்ற அதே பொதுமக்கள், தனியாரின் ஒத்திசைவுக்கு மாற்றாக அரசு நிறுவனத்தை நாடினர். இதில் முரண்பாடு ஏதுமில்லை. பூத்தின் முன் இரவு பதினொரு மணிக்காகக் காத்திருந்தவர்கள் தனியார்மயத்தை ஒரு கோட்பாடாக ஏற்றதாகக் கொள்ளச் சான்று இல்லை. விலை பிடிக்காவிட்டால் விலகிச் செல்ல இன்னொரு கதவு இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நிலைப்பாடு. போட்டிக்கான மக்கள் ஆதரவை ஆராய்வோர் அக்கதவு எத்திசையில் திறந்தது என்பதை மட்டும் பதிவு செய்தால் போதாது. அது இன்னும் திறந்திருக்கிறதா என்று மக்கள் எப்போதெல்லாம் சோதித்துப் பார்த்தனர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.